கயிற்றுக்கு முன்னால் ஒரு பழம்

மச்சான்,

இன்று காலை பெருமாள்மலை ஜீப் ஸ்டாண்டில் ஓர் ஆளைக் கரண்டுக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். நான் அப்போதுதான் பழக்கடையைத் திறந்து, பண்ணைக்காட்டிலிருந்து வந்திறங்கிய கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷத்து முதல் கமலா ஆரஞ்சு. மூடியிருந்த வாழைச் சருகை எடுத்ததும் தோல் வாசனை மூக்கில் ஏறியது. அதே மூச்சில் டீக்கடைப் பக்கமிருந்து எலுமிச்சம்பழம் நறுக்கிய வாசனையும் வந்தது. அந்த இரண்டு வாசனையும் சேர்ந்து வந்தால் என் கை சும்மா இருக்காது. பழக்கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப் போகிறேன். உயிரோடு இருந்தவரை என்னை ஒரு பேச்சை முடிக்க விட்டதில்லை நீங்கள். இப்போது குறுக்கே விழுந்து பேச முடியாதல்லவா, சும்மா கேளுங்கள்.

என் அக்காவைக் கட்டிக்கொண்டு போன நாளிலேயே நீங்கள் கை நீட்டுகிற ஆள் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவை அடித்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் தட்டு பறக்கும், கதவு உதை வாங்கும், அவ்வளவோடு சரி. அடியெல்லாம் வெளியில். உங்கள் தம்பி செத்த பிறகு அது அளவு மீறிப் போயிற்று. எவனோ குடித்துவிட்டு ஓட்டிய ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து மலை இறங்கினார் உங்கள் தம்பி. வளைவில் வண்டி திரும்பவில்லை. கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கி, அவரை உங்கள் முதுகோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தது நீங்கள்தான். அந்தக் கயிற்றை நீங்கள் தூக்கி எறியவில்லை. ஜீப் ஸ்டாண்டுக்குத் தலைவரானதும் ஷெட்டில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டிவைத்தீர்கள்.

அதற்குப் பிறகு குடித்துவிட்டு ஸ்டாண்டுக்குள் காலை வைத்தவன் எவனும் தப்பியதில்லை. பிடித்துக் கம்பத்தில் கட்டுவீர்கள். இந்த மலைக் குளிரில் தலையோடு ஒரு குடம் தண்ணீர். டீக்கடையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி, உப்பைத் தொட்டு, தாடையைப் பிடித்து வாய்க்குள் பிழிவீர்கள். துப்பினால் அறை. வண்டி நம்பரைத் திருத்தமாகச் சொன்னால் கட்டு அவிழும். குழறினால் இன்னும் ஒரு பழம், இன்னும் ஓர் அறை. வண்டி இல்லாதவனாக இருந்தால் அவன் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். "அடி ஒதவுற மாதிரி அண்ணந்தம்பி ஒதவ மாட்டான்" என்பீர்கள். தம்பி என்ற சொல் வரும்போது மட்டும் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும். நான் கவனித்திருக்கிறேன்.

உங்கள் சகலையையும் விட்டுவைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது காய்கறி லாரிகளுக்கு மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். கூலி கைக்கு வந்த நாளெல்லாம் குடி, குடித்த நாளெல்லாம் எனக்கு உதை. ஒருநாள் உதடு கிழிந்து வீங்கிப்போய் நான் கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். நேரே ஷெட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்தீர்கள். அவரைக் கட்டிவைத்து எலுமிச்சை பிழிந்தபோது நான் கடையை விட்டு எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். நெஞ்சு குளிர்ந்தது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்றிலிருந்து அவர் என்மேல் கை வைக்கவில்லை. கையை வைக்காதவர் உங்கள்மேல் வன்மத்தை வைத்தார்.

ராமையாவைக் கட்டினீர்களே, அதையும் நான் பார்த்தேன். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கிற ஆள் அவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பெண்சாதியோடு பஸ்ஸுக்கு நின்றவர் திடீரென்று ஆட ஆரம்பித்தார். கண் சொருகியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கூடையை எட்டி உதைத்தார், வாயில் வந்ததையெல்லாம் பேசினார். நீங்கள் கயிற்றோடு வந்தீர்கள். அவர் பெண்சாதி உங்கள் காலைப் பிடித்துக்கொண்டது. "குடிக்கிற ஆள் இல்லீங்க ஐயா. சீனி வருத்தங்க. இனிப்பா ஏதாச்சும் குடுங்க, சரியாப் போயிரும்" என்று கத்தியது. சர்க்கரை நோயைச் சிலோன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தான் சொல்றாளுக" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வோம், நாங்களும் எங்கள் வீட்டுக்காரர்களுக்காக இல்லாத நோயெல்லாம் சொல்லிப் பார்த்தவர்கள்தானே.

அந்த அம்மா டீக்கடைக்குள் ஓடிக் கைநிறையச் சீனியை அள்ளிக்கொண்டு வந்தது. அவர் வாய்க்குக் கொண்டுபோன கையை நீங்கள் தட்டிவிட்டீர்கள். குடிகாரனுக்குச் சீராட்டு வேறா என்று கேட்டீர்கள். சீனி அத்தனையும் கம்பத்தடிச் சேற்றில் சிதறியது. அந்த அம்மா உட்கார்ந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்த சீனியை வழித்து, நீங்கள் அடுத்த பழத்தை நறுக்கத் திரும்பிய நேரத்தில் அவர் வாய்க்குள் திணித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை நிமிர்ந்தது. ஊர்ப் பெயரைத் திருத்தமாகச் சொன்னார். நீங்கள் கட்டை அவிழ்த்துவிட்டு, கையில் இருந்த எலுமிச்சைத் தோலைத் தூக்கிக் காட்டினீர்கள். "பாத்தீகளா, வைத்தியம் எப்படி வேல செய்யுதுன்னு." எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

அதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்துத்தான் உங்களுக்கே சர்க்கரை வந்தது. வந்ததும் கண் மங்கியது, ஜீப் ஓட்டுவது நின்றது. ஸ்டாண்டுத் தலைவர் பதவியை மட்டும் யாரும் கேட்கவில்லை, யாருக்குத் துணிச்சல்? மாத்திரையில் அடங்காமல் ஊசிக்குப் போனீர்கள். யார் கண்ணிலும் படாமல் வயிற்றில் குத்திக்கொள்வீர்கள். நோயாளி என்று தெரிந்தால் ஒருவனும் பயப்பட மாட்டான் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். ஸ்டாண்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விவரம் சொன்ன அன்று அக்காவோடு துணைக்கு வந்தவள் நான்தான். நீங்கள் ஜன்னல் வழியே குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆரஞ்சு தின்னலாமா என்று நர்ஸம்மாவிடம் நான்தான் கேட்டேன், உங்கள் நாக்கு எனக்குத் தெரியாதா? ஒரு பழம் தின்னலாம் என்றது. சாறாகப் பிழிந்து குடிக்கக் கூடாது, சுளையைச் சக்கையோடு மென்று தின்ன வேண்டும், சோறு தின்ற கையோடு வேண்டாம் என்றது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு இன்னொன்றும் சொன்னது. "ஊசி போட்டுட்டுச் சாப்பாட்டத் தள்ளவே கூடாது. கை நடுங்கி, வேர்த்து, பேச்சுக் கொழறி, கோவம் கோவமா வந்துச்சுன்னா சர்க்கர ரொம்ப எறங்கிப்போச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் சாறு. முழுங்குற நெலையில இருந்தா சீனியும் போட்டு வெரசாக் குடுங்க." கோபம் கோபமாக வந்தால் என்றதும் நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது உங்களுக்கு எப்போதும் வருவதாயிற்றே, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஒரு பழத்தோடு நிற்கிற ஆளா நீங்கள்? என் கடைக்கு முன்னால் நின்று, அரசியல் பேசிக்கொண்டே கூடைக்குள் கை விடுவீர்கள். நான் தராசுத் தட்டால் கையில் போடுவேன். "கொழுந்தியா அடிச்சா வலிக்காதுத்தா" என்று இன்னொன்றை எடுப்பீர்கள். புளிக்கிற பழத்தில் ஏது சீனி என்று சட்டம் பேசுவீர்கள். நாக்குக்குப் புளித்தாலும் ரத்தத்துக்கு இனிப்புத்தான் மச்சான் என்று நான் கத்துவேன். போகிற போக்கில் சட்டைப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடப்பீர்கள், நான் பின்னாலிருந்து பேரிக்காயை எறிவேன். ஒருநாள் அது உங்கள் பிடரியில் பட்டு, நீங்கள் திரும்பி வந்து என் கூடையையே கவிழ்த்துவிட்டீர்கள். ஆரஞ்செல்லாம் ரோட்டில் உருண்டு ஓட, கொடைக்கானலுக்குப் போகிற கார்கள் நசுக்கிக்கொண்டு போயின. இரண்டு பேரும் அன்று பேசவில்லை. மறுநாள் வெள்ளனே வந்து, பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் நடந்தது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். துவைக்க எடுத்த சட்டையெல்லாம் ஆரஞ்சுத் தோல். அக்காவுக்கு வந்ததே கோபம், நீங்கள் போட்டிருந்த சட்டைப் பையிலும் கையை விட்டுப் பழத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டாள். நீங்கள் ஊசி போட்டு முடித்திருந்தீர்கள். முன்னால் வைத்த இட்லித் தட்டைத் தூக்கி வாசலில் வீசினீர்கள். கோழிகள் தின்றன. வெறும் வயிற்றோடு ஸ்டாண்டுப் பையன் ஓட்டிய ஜீப்பில் ஏறினீர்கள். அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பிடுங்கிப் போட்டது விஷம் என்று நினைத்துத்தான்.

வழியில் மரம் விழுந்து கிடந்திருக்கிறது. மற்றவர்கள் அரசாங்க ஆள் வரட்டும் என்று நின்றார்கள். நீங்கள் நிற்பீர்களா? கோடாலியை வாங்கிக்கொண்டு நீங்களே வெட்டினீர்கள். ஊசி, பட்டினி, அதோடு மரவெட்டு. பெருமாள்மலையில் இறங்கும்போதே உங்களுக்குக் கால் நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் அன்று கொடைக்கானல் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் கம்பத்தைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். டீக்கடையில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட மிச்சமில்லை. நீங்கள்தான் வாரி அடித்தீர்களாம். டீ மாஸ்டரின் மூக்கில் ரத்தம். நடுவில் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். உங்களைக் கட்டியிருந்தார்கள் மச்சான், அந்தக் கயிற்றால்.

வேட்டி அவிழ்ந்து கிடந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நீங்கள் எந்தெந்த வாயில் எலுமிச்சை பிழிந்தீர்களோ அந்த வாய்களெல்லாம் அங்கே இருந்தன, அத்தனையும் சிரித்தன. ஊருக்குப் பாடம் எடுத்தவன் இன்றைக்குத் தானே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று ஒருத்தன் கூவினான். உங்கள் தாடையைப் பிடித்துப் பிளந்து பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தது உங்கள் சகலை. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"வண்டி நம்பரச் சொல்லுங்க தலைவரே" என்று அறைந்தார்.

நீங்கள் ஒரு நம்பரைச் சொன்னீர்கள். உங்கள் ஜீப் நம்பர் அல்ல. பள்ளத்தில் விழுந்த ஜீப்பின் நம்பர். மற்றவர்களுக்கு அது தெரியவில்லை, தப்பு என்று மட்டும் தெரிந்தது. இன்னோர் அறை விழுந்தது. நீங்கள் மறுபடியும் அதையே சொன்னீர்கள். பிறகு தம்பியின் பெயரைச் சொல்லி, ஏறாதே, அந்த வண்டியில் ஏறாதே என்று அலறினீர்கள். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

நான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் உங்கள் வாயருகே மூக்கை வைத்தேன். எலுமிச்சை வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. பின்னால் கட்டியிருந்த கைகளைத் தொட்டேன், கம்பமே அதிரும்படி நடுங்கின. சட்டைப் பையைத் தடவினேன். எப்போதும் புடைத்திருக்கிற பை அன்று தட்டையாக இருந்தது. நர்ஸம்மா சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதைவிடப் பயங்கரமாக ராமையா பெண்சாதியின் கை ஞாபகம் வந்தது.

"இவரு குடிக்கல. சர்க்கர எறங்கியிருக்கு. அவுத்து விடுங்க" என்றேன். உங்கள் சகலை திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா? எல்லாக் கொழுந்தியாளும் இதைத்தான் சொல்லுவாள் என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. உங்கள் பேச்சையே எடுத்து என் மூஞ்சியில் எறிந்தார்கள்.

அப்புறம் நான் வாயால் பேசவில்லை. கடைக்கு ஓடிக் கத்தியும் பழமும் எடுத்து வந்தேன். எலுமிச்சை பிடித்த அவர் கையைப் பார்த்து ஒரு கோடு இழுத்தேன். உள்ளங்கை பிளந்தது. காயத்தில் சாறு பட்டு அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது. பின்னாலிருந்து எவனோ என் கொண்டையைப் பிடித்து இழுத்தான், குதிகாலால் அவன் முட்டியில் உதைத்தேன். கிட்டே வந்தவனை நோக்கிக் கத்தியை வீசினேன், எவன் மேல் படும் என்று பார்க்கவில்லை. தோலை உரிக்க நேரமில்லை. பழத்தைப் பல்லால் கடித்துத் திறந்து உங்கள் வாயில் பிழிந்தேன். எலுமிச்சை என்று நினைத்துத் துப்பினீர்கள். மறுபடியும் பிழிந்தேன். முழுங்குங்க மச்சான், இனிப்புத்தான், முழுங்குங்க என்று கத்தினேன். டீ மாஸ்டர்தான், மூக்கு ரத்தத்தோடு சீனி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். சீனியைச் சாற்றில் குழைத்து உங்கள் கன்னத்துக்குள் தேய்த்தபோது என் விரலைக் கடித்துவிட்டீர்கள். எலும்பு தெரியக் கடித்தீர்கள். நான் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று பயந்தேன்.

கூடையில் பாதி தீர்ந்தது போல இருந்தது எனக்கு. கீழே கிடந்த தோலைப் பார்த்தால் அவ்வளவு ஒன்றும் இல்லை. மெல்ல உங்கள் பல் விட்டுக்கொடுத்தது. கண் என்னைப் பிடித்தது. "ஏத்தா, எதுக்குத்தா அழுகுற? கையெல்லாம் ரத்தமாக் கெடக்கு" என்றீர்கள். பிறகு யாரும் கேட்காமலே உங்கள் ஜீப் நம்பரைத் திருத்தமாகச் சொன்னீர்கள். கூட்டத்தில் அவனவன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என் விரலுக்கும் உங்கள் சகலையின் உள்ளங்கைக்கும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத் தையல் போட்டார்கள். யார் யார் கட்டினார்கள் என்று பெயர் சொல்ல நான் தயாராக இருந்தேன். நீங்கள் எழுந்தால் ஒருத்தன் முதுகிலும் தோல் இருக்காது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் மணிக்கட்டில் இருந்த கயிற்றுத் தடத்தைத் தடவிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் கட்டியிருக்கானுக. நாஞ் சொல்லிக் குடுத்த முடிச்சு" என்றீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"மண்ணுல கெடந்த சீனிய வழிச்சு அவன் வாயில போட்டாளே, அந்தப் பொம்பள எந்தூருத்தா?"

நீங்கள் அதைக் கண்டிருந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது; தாண்டிக்குடிப் பக்கம் என்றேன். உங்கள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான். தம்பியை முதுகில் சுமந்து ஏறிய அன்றுகூடக் கண் ஈரமாகவில்லை உங்களுக்கு.

உடம்பு தேறியதும் தாண்டிக்குடிக்குக் கிளம்பினீர்கள். நான் வேண்டாம் என்றேன். கிளறினால் நாறும், விட்டுத் தொலையுங்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. என் கடையிலேயே நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டீர்கள். கண் மங்கிய ஆளைத் தனியே எப்படி விடுவது, நானும் வந்தேன். ஜீப் போகாத இடத்தில் ஏறி நடந்தோம். காப்பித் தோட்டத்துக்குள் வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் கடைசி வீடு. அந்த அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தது. உங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நரைத்துவிட்டது, கூனிவிட்டது, இருந்தும் தெரிந்தது.

"ராமையா இருக்காருங்களா?" என்று கேட்டீர்கள்.

இல்லை. செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் கட்டிய செய்தி அவருக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குடிகாரனை மரம் ஏற்ற முடியாது என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டொரு தரம் சர்க்கரை இறங்கி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டார்கூடத் தூக்க வரவில்லை, போதை தெளிந்தால் எழுந்திருப்பான் என்று போய்விட்டார்கள். இதையெல்லாம் அந்த அம்மா கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னது.

"செத்தப்பவும் குடிச்சுச் செத்தான்னு சொல்லித்தாங்க தூக்கிட்டுப் போனாங்க. ஒரு சொட்டு குடிக்காத மனுசன்" என்றது. நீங்கள் பையை அதன் முன்னால் வைத்துக் கைகூப்பினீர்கள். அப்போதுதான் விளக்குமாறு ஓங்கியது.

முகத்தில், தோளில், கூப்பிய கையில், அந்த அம்மா அடித்துக்கொண்டே இருந்தது. ஈர்க்குச்சி கன்னத்தில் கீறி ரத்தம் கட்டியது. லயத்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஊரையே கட்டி அடித்த மனுஷன் விளக்குமாற்று அடி வாங்குகிறார், என்னால் தாங்க முடியவில்லை, பாய்ந்தேன். "நீ சும்மா இரு" என்றீர்கள். அவ்வளவு தணிந்த குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

திடீரென்று அந்த அம்மா நிறுத்தியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. உங்கள் நெற்றியை உற்றுப் பார்த்தது. மலையேறி வந்த குளிரில் உங்கள் நெற்றியெல்லாம் வேர்வை. கை ஆடிக்கொண்டிருந்தது. அடிக்கு நடுங்குகிறீர்கள் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது.

ஏற்றத்தில் நடந்தது சேர்ந்து காலையில் தின்ற இரண்டு இட்லி எங்கே போயிற்றோ, உங்களுக்குப் பதில் சொல்ல நாக்குப் புரளவில்லை. அந்த அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பையிலிருந்த பழத்தில் ஒன்றை எடுத்து நகத்தால் கிழித்து, உங்கள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயில் பிழிந்தது. உள்ளே போய்க் கருப்பட்டி கொண்டுவந்து கடிக்க வைத்தது. நீங்கள் தெளிந்து உட்கார்ந்ததும் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கண்ணு முன்னால சாக விட முடியல, அவ்வளவுதான். எங்க ஆளு மேல ஏத்துன குடிகாரப் பேர எறக்கிட்டுப் போங்க."

மறுநாள் ஸ்டாண்டில் பெஞ்சு மேல் ஏறி நின்றீர்கள். கன்னத்துக் கீறல் ஆறவில்லை. ராமையா குடிக்காத மனுஷன் என்று சொன்னீர்கள். நான் கட்டினது நோயாளியை என்று சொன்னீர்கள். எனக்கும் அதே நோய், ஊசி போடுகிறேன் என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினீர்கள். ஒவ்வொரு வண்டியாக ஏறி, தாண்டிக்குடிக்குப் போகிற ஆளிடமெல்லாம் சொல்லி அனுப்பினீர்கள். உங்கள் சகலை கயிற்றை எரித்துவிடலாம் என்றார். நீங்கள் விடவில்லை. அது உங்கள் தம்பி ஏறி வந்த கயிறு. பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து ஒரு வலைப்பையில் ஆரஞ்சை மாட்டினீர்கள். "கயித்த எடுக்குறவன் மொதல்ல பழத்த எடுக்கணும். அப்புறமா அவன் குடிகாரனா இல்லையான்னு பேசலாம்" என்றீர்கள். அந்தப் பையை நிரப்புவது என் சோலி ஆயிற்று.

நீங்கள் போனது மாரடைப்பில். காலைக் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது பையில் தோல் இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, திருட்டு மனுசா, திருட்டு மனுசா என்று மாரில் அடித்து அழுதாள். தாண்டிக்குடியிலிருந்து அந்த அம்மாவும் வந்திருந்தது. அழவில்லை. கடைசிவரை இருந்துவிட்டுப் போயிற்று.

இனி இன்று காலைக்கு வருகிறேன். கட்டியது புதுப் பையன்கள், உங்களைக் கண்ணால் பார்க்காதவர்கள். தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை நறுக்கி முடித்திருந்தார்கள். வலைப்பையை ஒருவனும் தொடவில்லை. நான் போய்க் கத்தியை நீட்டியதும், நாத்தம் கொடலப் பொரட்டுது அக்கா, குடிச்சிருக்கான் என்றார்கள். குடித்தவனுக்குச் சர்க்கரை இறங்காதா, உங்கள் பாட்டன் சொன்னானா என்று கேட்டேன். உங்கள் சகலை எனக்கு முன்னால் ஷெட்டுக்குள் போய் வலைப்பையோடு வந்தார். தழும்பு விழுந்த அந்தக் கையால் அவரே பழத்தை உரித்துக் கொடுத்தார். "சாப்பிட்டியாலே?" என்று நான் கட்டப்பட்டவனிடம் கேட்டேன். அவன் என்னமோ உளறினான். வாயில் பிழிந்தேன். இன்னும் கொஞ்சம் பிழிந்தேன்.

சாறு முழுவதையும் குடித்துவிட்டு என் சேலை மேலேயே வாந்தி எடுத்தான் மச்சான். சாராய நாற்றத்தில் எனக்கே தலை சுற்றியது. சந்தேகமே இல்லை, அசல் குடிகாரன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், உங்கள் சகலையும் சிரித்தார். அவன் கட்டை நானே அவிழ்த்தேன். அவன் நேராக நிற்கிறான், சாகமாட்டான் என்று தெரிந்த பிறகு, கன்னத்தில் ஒன்று விட்டேன். உங்கள் தடம் விழுந்த விரல் இன்னும் எரிகிறது.

கடைக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் வலைப்பையில் வேறு பழத்தைப் போட்டு ஷெட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.